முடிவு நேரம் எழுதாத சோறு

நெடுந்தீவுத் தருமாசுபத்திரிக் குசினியில், கம்பிவலை அலுமாரியின் மேல்தட்டில், 1963ஆம் ஆண்டு ஆனி மாதம் மூடி வைத்த ஒரு சட்டி சோறு 1981ஆம் ஆண்டு கார்த்திகை வரைக்கும் சூடு ஆறாமல் இருந்தது. நீல விளிம்பு போட்ட வெள்ளை எனாமல் சட்டி. உள்ளே குத்தரிசிச் சோறு, முருங்கையிலை வறை, கத்தரிக்காய்ப் பால்கறி, ஒரு துண்டு விளைமீனோடு கொஞ்சம் குழம்பு. மூடியைத் தூக்கினால் ஆவி பறக்கும், புளி மணக்கும். அந்தப் பதினெட்டு வருஷத்தில் அரிசி விலை ஏறி இறங்கி மறுபடி ஏறியது. மண்ணெண்ணெய் விலை ஏறியதோடு சரி. டொக்டர்மார் வந்தார்கள், போனார்கள். குசினிக் கூரை ஒருமுறை பறந்துபோய்த் திரும்பவும் வேயப்பட்டது. சட்டி மட்டும் வைத்த இடத்திலேயே இருந்தது.

சோறு அப்படி இருந்ததற்குக் காரணம் அதன் மூடியில் ஒட்டியிருந்த துண்டு. துண்டை எழுதியவள் பரிமளம். மேற்கில் கொஞ்சக் காணியும் மாடும் வைத்திருந்த கதிர்காமு என்பவரின் ஒரே மகள். தகப்பன் பாம்பு கடித்துச் செத்தபிறகு காணியைச் சித்தப்பன்மார் பார்த்துக்கொண்டார்கள். பரிமளம் இருபத்திரண்டு வயதில் ஆசுபத்திரிக் குசினிக்குச் சம்பளத்துக்கு வந்தாள். ஆசுபத்திரி என்றால் பெரிய ஒன்றல்ல. முருகைக்கல் சுவர், பன்னிரண்டு கட்டில், ஒரு பிள்ளைப்பேற்று அறை, கிணறு, குசினி, பண்டசாலை. மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெயில் ஓடுகிற குளிர்ப்பெட்டி ஒன்று இருந்தது, அதில் ஊசிமருந்து மட்டும்தான் வைக்கலாம். நோயாளிக்குக் கஞ்சி, பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சரக்குக்கறி, உத்தியோகத்தருக்கு மத்தியானச் சோறு. இவற்றோடு இன்னொன்றும் இருந்தது. அதற்கு வள்ளச்சோறு என்று பெயர்.

நெடுந்தீவில் யாராவது கடல் கடந்து போயிருந்தால் அவர் திரும்பி இறங்குமட்டும் அந்த வீட்டில் சோற்றுச் சட்டியைக் கழுவுவதில்லை. ஒரு ஆளுக்கான சோறும் கறியும் எடுத்து மூடி வைப்பார்கள். கழுவிக் கவிழ்த்தால் போனவருக்குக் கரை தெரியாது என்று சொல்வார்கள். ஆசுபத்திரிக்கு ஒரு இயந்திர வள்ளம் இருந்தது, தீவில் வைத்துப் பார்க்க ஏலாத நோயாளிகளை ஊர்காவற்றுறைக்குக் கொண்டுபோக. வள்ளம் போன நாளெல்லாம் அதிலே போனவர்களின் சோறு ஆசுபத்திரிக் குசினியில் எடுத்து வைக்கப்பட்டது. அது யாரும் போட்ட சட்டமல்ல. உலை வைப்பதுபோல ஒரு வேலை.

சட்டம் 1959இல் வந்தது. வேறொரு தீவில் ஒரு விடுதிப் பிள்ளைகள் பழைய பருப்பைத் தின்று கூட்டத்தோடு வாந்தியெடுத்தபிறகு, சுகாதாரப் பரிசோதகர் தில்லைநாதன் தீவு தீவாக வந்தார். ஒல்லியான, வேட்டியைக் கணுக்காலுக்கு மேலே பிடித்துக்கொண்டு நடக்கிற மனிதர். பண்டசாலையைப் பார்த்தார். மண்ணெண்ணெய்ப் பீப்பாவை அரிசி மூட்டையிலிருந்து பிரித்து வெளியே உருட்டச் சொன்னார். பச்சை மீன் கீழ்த்தட்டில், சமைத்தது மேல்தட்டில் என்றார். அலுமாரியின் நாலு காலையும் தண்ணீர்ப் பேணிக்குள் நிற்பாட்டி எறும்புக்கு வழியடைத்தார். முந்தி வந்த மூட்டை முந்திப் போகவேணும் என்றார். கடைசியாக, எடுத்து வைக்கிற ஒவ்வொன்றுக்கும் துண்டு எழுதி ஒட்டவேணும் என்றார். துண்டில் மூன்று வரி. என்ன சாமான், எப்போது சமைத்தது, எந்த நேரம்மட்டும் வைக்கலாம். பரிமளம் மருந்துப் பெட்டி மட்டையை வெட்டித் துண்டாக்கினாள். கஞ்சியைக் காய்ச்சிப் பசையாக்கினாள். அவளுடைய எழுத்து உருண்டையாக, இடைவெளி விட்டு, வாசிக்கச் சுகமாக இருந்தது.

குசினிச் சாமான்கள் அந்தத் துண்டுகளுக்குக் கீழ்ப்படியத் தொடங்கியது அந்த வருஷம் ஆவணியிலேயே. செவ்வாய் மத்தியானம்மட்டும் என்று எழுதிய பால், வெயில் என்ன எரித்தாலும் செவ்வாய் மத்தியானம்மட்டும் பாலாகவே இருந்தது. ஆசுபத்திரி மணி பன்னிரண்டு அடித்ததும் ஒரே அடியாகத் திரைந்தது. வெள்ளிக்கிழமை என்று எழுதிய வாழைப்பழம் வியாழன் இரவு மஞ்சளாக இருந்து, வெள்ளி விடியக் கறுத்தது. ஒருமுறை அவசரத்தில் சனி என்று எழுதவேண்டியதைச் சனி கழித்து வருகிற சனி என்று எழுதிவிட்டாள். அந்தத் தேங்காய்ச் சம்பல் எட்டு நாள் கெடாமல் இருந்து எல்லோரையும் சலிக்க வைத்தது. தில்லைநாதன் அடுத்த முறை வந்தபோது இதைச் சொன்னார்கள். அவர் பாலை மணந்து பார்த்தார், மணியடிக்கக் காத்திருந்தார், திரைந்ததைக் கண்டார், தலையாட்டினார். ஒழுங்காக எழுதினால் ஒழுங்காக நடக்கும் என்றார்.

தீவுச் சனம் விடவில்லை. மகன் கொழும்பிலிருந்து வருமட்டும் பலாப்பழத்தைப் பழுக்காமல் வைத்திருக்கவேணும் என்று ஒருத்தி வந்தாள். குமரொன்றை வைத்திருந்த தாய் ஒருத்தி, மாப்பிள்ளை பொருந்துமட்டும் என்று இழுத்து, வெட்கப்பட்டுத் திரும்பிப் போனாள். குசினிக்குத் தண்ணீர் அள்ளி விறகு கொத்துகிற ஐயாத்துரைக்கு ஆசை பெரிதாக இல்லை.

"கள்ளு முட்டிக்கு ஒண்டு எழுதித் தா பிள்ளை. பின்னேரமாகப் புளிச்சுப் போகுது."

"ஆசுபத்திரிச் சாமானுக்குத்தான் துண்டு, ஐயாத்துரை அண்ணை."

"நானும் ஆசுபத்திரிச் சாமான்தானே? என்ரை வயித்துக்குள்ளை இருக்கிறதும் ஆசுபத்திரிச் சாமான்தானே?"

"அப்ப முதல் உம்மைக் கீழ்த்தட்டிலை வைக்கவேணும்."

அவள் ஒருவருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை.

வள்ளத்தை ஓட்டுகிற தண்டையலாக இருந்தவன் அரியநாயகம், மண்கும்பானைச் சேர்ந்தவன். சுக்கான் பிடித்துப் பிடித்து வலது தோள் கொஞ்சம் இறங்கியவன். இரண்டு தங்கச்சிமாரைக் கரைசேர்க்கவேண்டிய அண்ணன், ஆகவே தன் கலியாணத்தைப் பற்றி ஒருவரும் கதைக்காத வயதில் இருந்தான். வள்ளம் திரும்பினால் மற்றவர்கள் முன்வாசலால் வருவார்கள். அவன் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டு குசினிப் பின்கதவால் வருவான். மர வாங்கில் குந்திக்கொண்டு, சோறு வருமட்டும் அலுமாரியிலிருக்கிற துண்டுகளைச் செய்தி வாசிப்பதுபோல வாசிப்பான். யாழ்ப்பாணத்து மருந்துக்கடைகளில் வெள்ளை மட்டையாகப் பார்த்துக் கேட்டு வாங்கி வந்து, பேசாமல் அடுப்பங்கரை மாடத்தில் வைத்துவிட்டுப் போவான். அவன் அவளுக்குக் கொண்டுவந்து கொடுத்தது அந்த மட்டைகள்தான். அவள் அவனுக்குக் கொடுத்தது மூடி வைத்த சோறு. இதைத் தவிர இரண்டு பேருக்கும் நடுவில் ஊர் பிடித்துக் கதைக்க ஒன்றுமிருக்கவில்லை. ஊர் கதைத்தது வேறு விஷயம்.

"பருப்பு, செவ்வாய் பின்னேரம் மட்டும்," என்று ஒருநாள் வாசித்தான். "பருப்புக்குக்கூட ஒரு நேரம் குறிச்சிருக்கு. எனக்கு ஒருதரும் குறிக்கேல்லை."

"உமக்கு எழுதி ஒட்டுறதெண்டால் நெத்தியிலைதான் ஒட்டவேணும்."

"ஒட்டுமன். ஆர் வேண்டாமெண்டது?"

பரிமளம் அகப்பையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு அடுப்பைப் பார்த்தாள். அன்றைக்குப் பத்தியக் கறி கொஞ்சம் அடிப்பிடித்தது.

வள்ளச்சோற்றுத் துண்டு பற்றித் தில்லைநாதனுக்கும் அவளுக்கும் முன்னமே ஒரு தர்க்கம் இருந்தது. மற்ற எல்லாவற்றிலும் மூன்றாம் வரியில் நாளும் நேரமும் இருக்கும். வள்ளச்சோற்றில் மட்டும் ‘வந்தபிறகு’ என்று எழுதியிருப்பாள்.

"முடிவு நேரம் எங்கை பிள்ளை?"

"வள்ளம் எப்ப வருமெண்டு காத்துக்குத்தான் தெரியும், ஐயா. ஆறு மணியெண்டு எழுதிப்போட்டு, ஏழு மணிக்கு வந்தால்?"

"ஏழு மணிக்கு வந்தால் புதுசாய்ச் சமைக்கிறது. முடிவு நேரம் இல்லாத துண்டு துண்டில்லை. அது சும்மா மட்டை."

அவள் ஓம் ஐயா என்றாள். ஆனால் மாற்றவில்லை. கடலில் இருக்கிறவனுடைய சோற்றுக்கு நேரம் குறிக்க நெடுந்தீவில் யாருக்குக் கை வரும்?

1963 ஆனியில் சோளகக் காற்று கடுமையாக அடித்தது. வள்ளங்கள் கரையில் கட்டிக் கிடந்த ஒரு காலை, தலைப்பிள்ளைக்காரி ஒருத்திக்கு நோவு தொடங்கிப் பிள்ளை குறுக்கே நின்றுவிட்டது. டொக்டர் வள்ளத்தை எடுக்கச் சொன்னார். அரியநாயகம் அப்போதுதான் வாங்கில் வந்து இருந்தான். சோறு வடித்துக் கறி இறங்குகிற நேரம். அவன் எழும்பினான்.

"வந்து சாப்பிடுறன். எடுத்து வையும்."

அவ்வளவுதான் சொன்னான். பரிமளம் பின்கதவில் நின்று, வள்ளம் ஒரு அலையில் ஏறுவதையும் அடுத்ததில் மறைவதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே வந்து எனாமல் சட்டியில் சோறு போட்டாள், கறிகளை ஓரமாக வைத்தாள், மூடினாள். துண்டில் எழுதினாள்: வள்ளச்சோறு. ஆனி, வியாழன் மத்தியானம். அரியநாயகம் வந்தபிறகு.

அடுத்த நாள் வள்ளம் வேறொருவன் ஓட்டத் திரும்பி வந்தது. பெண்ணுக்கு ஆண் குழந்தை, இருவரும் சுகம். அரியநாயகத்துக்கு ஊர்காவற்றுறைத் துறைமுகத்தில் ஒரு கப்பலில் வேலை கிடைத்திருக்கிறது, அன்றிரவே ஏறினால்தான் உண்டு என்றார்களாம். மூத்த தங்கச்சிக்குக் கலியாண இடம் சரிவந்திருக்கிற நேரம். போயிட்டு வாறன் எண்டு குசினியிலை சொல்லுங்கோ என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டான். பரிமளம் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு, நேற்றைய மீன் குழம்பு நாறியிருக்கும், மாட்டுக்கும் போட ஏலாது என்று நினைத்துக்கொண்டு சட்டியைத் திறந்தாள். ஆவி அவள் முகத்தில் அடித்தது.

மூடினாள். ஒரு கிழமை கழித்துத் திறந்தாள். ஒரு மாதம் கழித்துத் திறந்தாள். தீவில் எல்லோரும் வந்து பார்த்தார்கள், விரலால் தொட்டுப் பார்த்து விரலை உதறினார்கள். போகப் போக வருவது குறைந்தது. சூடாக இருக்கிறபடியால் அவன் உயிரோடு இருக்கிறான் என்று ஊர் முடிவு கட்டியது. அதில் பரிமளத்துக்கும் மறுபேச்சு இல்லை. பெண் கேட்டு வந்தவர்களுக்குச் சித்தப்பன்மார் நாள் கொடுத்தார்கள். அவள் குசினியில் வேலை இருக்கிறது என்றாள். பிறகு கேட்டு வருவதும் நின்றது. விடியக் குசினி திறந்ததும் அவள் செய்கிற முதல் வேலை அடுப்பு மூட்டுவதல்ல. மேல்தட்டுக்குக் கையை நீட்டி, சட்டியின் வயிற்றில் உள்ளங்கையை வைத்து, கொஞ்ச நேரம் அப்படியே நிற்பாள். அதற்குப் பிறகுதான் நெருப்புப்பெட்டியைத் தேடுவாள்.

தில்லைநாதன் வருஷத்துக்கு இரண்டுமுறை வந்து அந்தச் சட்டியின் முன்னால் நின்றார். கெட்ட உணவை எறியவேணும் என்று விதி இருந்தது, இது கெடவில்லை. நேரம் கடந்ததை எறியவேணும் என்று விதி இருந்தது, இதில் நேரம் இல்லை. ஆறிப்போனதைத் திரும்பச் சூடாக்கக்கூடாது என்று இருந்தது, இது ஆறவேயில்லை. அவர் ஒரு பெருமூச்சோடு அடுத்த தட்டுக்குப் போவார். உத்தியோகத்திலிருந்து இளைப்பாறின வருஷம் கடைசியாக வந்தபோது மட்டும், "நான் அண்டைக்குச் சொன்னனான்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

1964 மார்கழிப் புயலில் குசினிக் கூரை பனையோலையும் கிடுகுமாகக் கடலுக்குப் போனது. மழையெல்லாம் அலுமாரியில் விழுந்தது. சட்டி மூடிமேல் விழுந்த துளி சீறி ஆவியாகியது, துண்டின் மை கரையவில்லை. எழுபத்துமூன்று, எழுபத்துநாலில் கூப்பன் அரிசி அரைவாசியானது. பாணுக்கு வரிசை, நோயாளிக்கும் மரவள்ளிக்கிழங்கு. பசியில் தீவு மெலிந்திருந்த அந்த நாட்களிலும் மேல்தட்டில் ஒரு சட்டி சோறு ஆவியோடு இருந்தது, யாரும் கை வைக்கவில்லை. ஐயாத்துரை மட்டும் ஒரு பின்னேரம், பரிமளம் கிணற்றடிக்குப் போன நேரம், ஒரு கவளம் அள்ளி வாயில் போட்டுக்கொண்டான். மென்றான். நன்றாகத்தான் இருந்தது. மென்றான், மென்றான், விழுங்க ஒன்றும் அகப்படவில்லை. விளக்கு வைக்குமட்டும் மென்றுகொண்டே விறகு கொத்தினான். திறந்து பார்த்தபோது சட்டியில் ஒரு பருக்கையும் குறையவில்லை.

"எடி பிள்ளை, இந்தச் சோறு ஆளறிஞ்சுதான் இறங்குது," என்று தாடையைத் தடவிக்கொண்டு சொன்னான்.

"உப்புப் பாத்தனீரே அண்ணை?"

"உப்போ? கொஞ்சம் கூடத்தான்."

பரிமளம் மூடியை அமத்தி மூடினாள்.

1976இல் மருத்துவத்தாதியாக மாக்கிறேற் வந்தாள். ஊர்காவற்றுறைக் கத்தோலிக்கப் பெண், கை சுறுக்கு, வாய் அதைவிடச் சுறுக்கு. மாரிகாலத்தில் பிறந்த பிள்ளைகளின் துணி காயாமல் பிள்ளைப்பேற்று அறையெல்லாம் ஈரமணமாக இருந்தபோது, அவள்தான் முதன்முதலில் குழந்தைத்துணியை மடித்து அந்தச் சட்டி மூடியில் போட்டாள். அரைமணியில் காய்ந்தது. பரிமளம் முதலில் முகத்தைச் சுளித்தாள். பிறகு, துண்டை மறைக்காமல் போடும் என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு நெடுந்தீவில் பிறந்த மாரிப்பிள்ளைகள் எல்லாம் அந்தச் சூட்டில் காய்ந்த துணியில்தான் சுற்றப்பட்டார்கள்.

அரியநாயகத்தின் செய்தி தெரிந்தவளும் மாக்கிறேற்தான். மண்கும்பானில் அவளுக்கு ஒரு பெரியம்மா இருந்தாள். பலநாள் வாயை அடக்கிவைத்திருந்து ஒருநாள் சொன்னாள்.

"அக்கா, கோவிக்கக்கூடாது. அந்த ஆள் எழுபதிலை ஒருக்கா வந்து போனவராம். ரண்டாவது தங்கச்சியைக் கேட்ட இடம் மாற்றுச் சம்பந்தம் எண்டால்தான் சம்மதமெண்டு நிண்டதாம். மாப்பிளைக்கும் ஒரு தங்கச்சி இருந்திருக்கிறா. இவர் அவவைக் கட்டினால் அவர் இவவைக் கட்டுவாராம். என்ன செய்யிறது? கட்டிப்போட்டுத் திரும்பக் கப்பலுக்குப் போயிட்டாராம்."

"பால் பொங்குது," என்றாள் பரிமளம். மாக்கிறேற் திரும்பிப் பார்த்தாள். பால் பொங்கவில்லை.

அன்று எல்லோரும் போனபிறகு பரிமளம் தேங்காய் கீறுகிற கத்தியின் நுனியைத் துண்டின் ஓரத்தில் வைத்தாள். பசை காய்ந்து பதின்மூன்று வருஷம். மூலை இலேசாகக் கிளம்பியது. முழுதாகக் கிளப்பிவிட்டால் இது வெறும் சட்டி, வெறும் சோறு, விடிய மணக்கும், கழுவிக் கவிழ்க்கலாம். அவளுக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. அவன் பெண்சாதிக்காரன் என்பது இப்போது தெரியும். வந்து சாப்பிடுகிறேன் என்று அவன் சொன்னதும் அதே அளவுக்குத் தெரியும். அடுப்பில் மிஞ்சிய கஞ்சியில் விரலைத் தொட்டு, கிளம்பிய மூலையை அமத்தி ஒட்டிவிட்டு, விளக்கை எடுத்துக்கொண்டு போனாள்.

1981, யாழ்ப்பாணத்தில் நூலகம் எரிந்த வருஷத்து மாரி. கார்த்திகையில் மழை இரண்டு நாள் ஓய்ந்து, வள்ளங்கள் ஓடத் தொடங்கின. காலைப் பத்து மணியளவில் மாக்கிறேற் துணி எடுக்க வந்து, தொட்டுப் பார்த்துவிட்டு நின்றாள்.

"அக்கா, துணி காயேல்லை."

பரிமளம் மீன் செதிலைக் கழுவிக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். சட்டியின் வயிற்றில் உள்ளங்கையை வைத்தாள். சூடு இருந்தது. ஆனால் அது இறங்குகிற சூடு. இறக்கி வைத்த எந்தச் சோற்றுக்கும் உள்ள, கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப்போகிற சூடு. துறையில் அன்றைய முதல் வள்ளம் சனத்தை இறக்கிக்கொண்டிருந்தது. இதற்கு வேறு சாட்சி அவளுக்குத் தேவைப்படவில்லை.

இனி இது எல்லாச் சோற்றையும்போலத்தான். நாலு மணித்தியாலத்துக்கு மேல் வைக்கக்கூடாது என்பது தில்லைநாதன் சொன்ன கணக்கு, மீன் இருந்தால் அதிலும் குறைவு. துறையிலிருந்து ஆசுபத்திரி நடந்துவரக் கூடிய தூரம்தான். பதினொன்று அடித்தது. வரவில்லை. நோயாளிகளுக்குக் கஞ்சி போனது. ஐயாத்துரை, இப்போது பல்லில்லாத கிழவன், நான் போய்க் கூட்டிக்கொண்டு வரட்டோ என்று இரண்டுதரம் கேட்டான். வேண்டாம் என்றாள். அவர் பசியோடை வந்தால் வருவார், கூட்டிக்கொண்டு வந்து சோறு தீத்த ஏலுமே என்றாள். பன்னிரண்டு அடித்தபோது சட்டி வெதுவெதுப்பாக இருந்தது. மேல்தட்டிலிருந்து இறக்கி மேசையில் வைத்தாள். சேலைத் தலைப்பால் சுற்றிப் பிடித்துக்கொண்டு நின்றாள், தன் உடம்புச் சூடாவது போகட்டும் என்பதுபோல.

கிணற்றடியில் வாளி விழுகிற சத்தம் கேட்டது. யாரோ கால் கழுவினார்கள்.

பின்கதவால் வந்த ஆளை அவள் தோளைக்கொண்டுதான் மட்டுக்கட்டினாள். மற்றதெல்லாம் போயிருந்தது. கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு வெளியே வந்து, சேட்டு கொடியில் கிடக்கிறதுபோல அவனில் கிடந்தது. வாங்கில் இருந்தான். அலுமாரியைப் பார்த்தான்.

"முன்வாசலாலை வந்தனான். டொக்டரிட்டைத் துண்டெடுத்து வரிசையிலை இருந்தனான். பேந்து பாத்தன், இதுக்கு டொக்டரிட்டை மருந்தில்லை."

"என்ன வருத்தம்?"

"பசி."

பரிமளம் அவன் ஒட்டிய கன்னத்தைப் பார்த்தாள்.

"நான் சும்மா சொல்லேல்லை. அண்டைக்குக் கப்பல் ஏறின நாள் தொடக்கம். எவ்வளவு சாப்பிட்டாலும் வயிறு நிரம்பாது. கப்பல்லை என்னைப் பீப்பா எண்டு கூப்பிடுவினம். உலகத்திலை உள்ள துறைமுகத்து டொக்டரெல்லாம் படம் பிடிச்சுப் பாத்தாங்கள். ஒண்டுமில்லையாம். வீட்டிலை அவ," என்று நிறுத்தினான். "அவ நல்லாச் சமைப்பா. அவவிலை ஒரு பிழையுமில்லை. நான் நாலாந்தரம் சோத்துக் கோப்பையை நீட்டேக்கை, தன்ரை கையிலைதான் ஏதோ குறையெண்டு குசினிக்குள்ளை போய் நிண்டு அழுவா. ரண்டு பெட்டைப்பிள்ளையள். அதுகளும் தங்கடை பங்கை என்ரை கோப்பையிலை போடப் பழகிட்டுதுகள்."

பரிமளம் சட்டியைச் சுற்றியிருந்த சேலைத் தலைப்பை எடுத்தாள். பதினெட்டு வருஷமாகத் தன் உள்ளங்கையில் இருந்த சூடு எங்கேயிருந்து வந்தது என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவனுடைய ஆறாத பசியிலிருந்து. அதற்காக வேறொரு குசினியில் ஒருத்தி அழுதிருக்கிறாள். துண்டின் மூன்றாம் வரியை ஒருமுறை வாசித்தாள். அவனும் தலையைச் சாய்த்து வாசித்தான்.

"முடிவு நேரம் எழுதேல்லையே?"

"எழுதேல்லை."

மூடியைத் திறந்தாள். ஆவி இல்லை. ஆனால் வெதுவெதுப்பு இருந்தது. அவன் கோப்பை கேட்கவில்லை, சட்டியிலேயே கையை வைத்தான். முதல் கவளத்தை விழுங்கினபோது அவன் தொண்டை ஏறி இறங்கியதை ஐயாத்துரை கதவடியில் நின்று பொறாமையோடு பார்த்தான். அவன் அவசரப்படாமல் சாப்பிட்டான். வறையைச் சோற்றோடு பிசைந்தான், மீனின் முள்ளை எடுத்து ஓரத்தில் ஒழுங்காக அடுக்கினான். பாதிவழியில் நிமிர்ந்தான்.

"குழம்பிலை உப்பு ரண்டுதரம் விழுந்திட்டுதுபோல."

"ஓம்," என்றாள் பரிமளம். "அண்டைக்கு வள்ளம் போறதைப் பாத்துக்கொண்டு நிண்டனான்."

அவன் கை சட்டிக்குள்ளேயே நின்றது. பிறகு மிச்சத்தையும் வழித்துச் சாப்பிட்டான். கடைசிப் பருக்கை போனதும் ஒரு ஏப்பம் வந்தது. ஏப்பம் என்றால் எப்படியிருக்கும் என்பதையே மறந்திருந்த மனிதன் அதற்குத் திடுக்கிட்டான். வயிற்றில் கையை வைத்துப் பார்த்தான். கண்ணால் தண்ணீர் வடிந்தது, அதைத் துடைக்கவும் எழும்பவும் ஏலாதளவுக்கு வயிறு நிரம்பியிருந்தது. மூடியிலிருந்த துண்டு தானாகச் சுருண்டு மேசையில் விழுந்தது. பரிமளம் அதை எடுத்து அடுப்பில் போட்டாள்.

"பின்னேர வள்ளத்துக்குப் போறீரோ?" என்று கேட்டாள்.

"இருக்கட்டோ?"

இதுதான் அவன் அவளிடம் தனக்கென்று கேட்ட ஒரே கேள்வி. கேட்டவிதத்தில் இரண்டு பதிலுக்கும் இடமிருந்தது. பரிமளம் சட்டியை எடுத்துக்கொண்டு போய்த் தொட்டியில் வைத்துச் சாம்பலால் தேய்த்தாள். அடியில் பிடித்திருந்தது மெல்ல மெல்லக் கழன்றது. கழுவினாள். கவிழ்த்து வைத்தாள். நெடுந்தீவில் ஒருவன் இறங்கியிருக்க, அவன் சட்டியைக் கழுவிக் கவிழ்த்தால் என்ன அர்த்தம் என்று அவனுக்குத் தெரியும்.

"போய் அவவின்ரை கையாலை சாப்பிடும்," என்றாள். "இனி நிரம்பும்."

அவன் பின்கதவால் போனான். இந்தமுறை அவள் கதவில் போய் நிற்கவில்லை. உலையில் உப்புப் போடவேண்டியிருந்தது. ஒருதரம்தான் போட்டாள்.

மூன்றாம் நாள் ஆசுபத்திரி வள்ளம் ஒரு காய்ச்சல்காரனைக் கொண்டு ஊர்காவற்றுறைக்குப் போனது. ஓட்டிகளின் சோற்றை எடுத்து மூடி, துண்டில் எழுதினாள். வள்ளச்சோறு. இன்று மத்தியானம். பின்னேரம் ஆறு மணிமட்டும். வாடைக்காற்று எதிர்த்தது, வள்ளம் ஏழு மணிக்குத்தான் துறை கண்டது. ஆறு மணிக்கே அந்தச் சோறு மாட்டுத்தொட்டிக்குப் போயிருந்தது.

"உதென்ன பிள்ளை, கடல்லை நிண்ட பொடியளின்ரை சோத்தைக் கொட்டிப்போட்டாய்?" என்று ஐயாத்துரை பதறினான்.

"வந்திட்டினமெல்லே? அடுப்பு எரியுது. புதுசாய்ச் சமைப்பம்."

அதிலிருந்து அந்தக் குசினியில் முடிவு நேரம் இல்லாத துண்டு எதுவும் ஒட்டப்படவில்லை. மண்கும்பானில் அரியநாயகம் உடம்பு வைத்து, மூன்றாம் தரம் கோப்பை நீட்டாமல் எழும்புகிற மனிதனாகிவிட்டான் என்று மாக்கிறேற்றின் பெரியம்மா சொல்லியனுப்பினாள். நீல விளிம்புச் சட்டியில் இப்போது நோயாளிகளுக்கு ரசம் வைக்கிறார்கள், மற்றச் சட்டிகளைப்போலத்தான் அது ஆறுகிறது. அலுமாரியின் மேல்தட்டில், அது இருந்த இடத்தில், ஒரு வட்டம் மட்டும் ஆறவில்லை. மாரிகாலத்தில் மாக்கிறேற் குழந்தைத்துணிகளை அந்தப் பலகையில் பரப்பிவிடுகிறாள். முன்னைப்போல அரைமணியில் காயாது, ஒரு மணித்தியாலம் பிடிக்கும்.